இறந்தவர் பெயரில் ஓர் அட்டை

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இறந்து மூன்று ஆண்டுகள் ஆன பின்னும் வாரம் தவறாமல் மருத்துவரிடம் போய்வந்தார். கேலிக்காகச் சொல்லவில்லை. மருந்தகத்தின் பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை அவருக்கு மூச்சிரைப்பு. வியாழக்கிழமை காலில் புண். அடுத்த வாரம் கண்ணில் நீர்வடிதல். ஒரே ஆண்டில் இரண்டு முறை கருவுற்றார். பேறுகாலம் மட்டும் ஒரு முறைகூட வரவில்லை.

அவருடைய கணவர் எங்கள் ஊர் நூற்பாலையில் வேலை பார்த்தவர். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. ஆலைத் தொழிலாளி என்பதால் அவருக்குக் காப்பீட்டு அட்டை உண்டு. அதில் அவர் பெயரும், கீழே மனைவியின் பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கும். படம் கிடையாது. அட்டையைக் காட்டினால் ஆலைத் தொழிலாளர் மருந்தகத்தில் மருத்துவர் பார்ப்பார். கம்பவுண்டர் மருந்து தருவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த மருந்தகம் மாலையிலும் திறந்திருக்கும்.

எங்கள் தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் உப்பளத்தையும் துறைமுகத்தையும் நம்பியவை. பெண்கள் கிழக்கு வெளுக்கும் முன்பே அளத்துக்கு நடந்துவிடுவார்கள். ஆண்களில் பாதிப் பேர் மூட்டை தூக்கினார்கள்; சிலர் சரக்குத் தோணியில் போனார்கள்; என் தந்தை சரக்குக் கிட்டங்கியில் காவல் காத்தார். எவருக்கும் அட்டை இல்லை. நாட்கூலிக்கு அட்டை கிடையாது, பருவ வேலைக்கு அட்டை கிடையாது என்றார்கள். ஆலையில் நூல் நூற்பவருக்குக் காய்ச்சல் வந்தால் சட்டம் அதைக் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்ளும். கரையில் குவிக்கும் அம்பாரத்துக்கு உப்புச் சுமக்கும் பெண்ணின் உடல் அதே சூட்டில் கொதித்தாலும் சட்டத்தின் கைக்கு அது படுவதில்லை.

அரசு மருத்துவமனை இருந்ததே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் உப்பு வாரியவர்கள் அல்லர். அங்கே சீட்டு முற்பகலோடு முடிந்துவிடும். அளத்து வேலை முடிய உச்சி சாய்ந்துவிடும். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வேலை போகும். மறுநாள் போய் நின்றால் அவளுடைய உப்புப் பாத்தியில் வேறொருத்தி வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இதைத்தான் இலவச மருத்துவம் என்று அழைத்தார்கள்.

மனைவி இறந்ததும் அண்ணாச்சி அதைத் தெரிவிக்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

“இதக் கொண்டு போம்மா. கேட்டா, என் பொஞ்சாதின்னு சொல்லு.”

“ஐயோ, அண்ணாச்சி!”

“மருந்துக்குத்தான் பொஞ்சாதி. சோறாக்கவா கூப்புட்டேன்? போ, கடை சாத்திருவான்.”

அப்படித் தொடங்கியது. பெட்டிக்குள் அட்டை, மருந்து வாங்க ஒரு காலிப் புட்டி, மனைவி கழுத்தில் அணிந்திருந்த உத்தரியம் ஆகிய மூன்றும் இருந்தன. உத்தரியம் என்றால் கயிற்றில் கோத்த இரண்டு துணித்துண்டு. மாதாவின் பெயரால் கத்தோலிக்கர்கள் அணிவது. அட்டையில் இருந்தது வேதக்காரப் பெயர், அதாவது கிறிஸ்தவப் பெயர். ஆகவே வேதத்தில் இல்லாத பெண்கள் பொட்டை அழித்துவிட்டு, உத்தரியத்தை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது தெருவின் விதி. திரும்பியதும் கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியை அண்ணாச்சி வீட்டில் சேர்த்துவிட வேண்டும். இறந்தவரின் வயது, தகப்பனார் பெயர், கோவில் பங்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவன் நான். தெருவில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவனே. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். மொத்தம் ஏழு பேர். என் தாயும் அவர்களில் ஒருவர். வெள்ளை உப்பின் வெயில் அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

யார் என்றைக்குப் போவது என்பது குழாயடியில் முடிவாகும்.

“ஏளா, இன்னைக்கு யாரு மில்லுக்காரர் பொஞ்சாதி?”

“நாந்தான். நேத்தே சொல்லி வச்சிட்டேன்.”

“போன வாரமும் நீதான வாக்கப்பட்ட? இந்த வாரம் நான் வாக்கப்படுதேன், தள்ளு.”

கம்பவுண்டருக்குத் தெரியாதா? முதல் மாதமே தெரிந்துவிட்டது. “போன திங்கக்கெழம ஒரு சாண் ஒசரமா இருந்தியளே?” என்று என் தாயிடம் கேட்டிருக்கிறார். “காய்ச்சல்ல சுருங்கிட்டேன், ஐயா” என்றாராம் தாய். இன்னொரு நாள் ஒரு பெண் உத்தரியமும் பொட்டுமாகப் போய் நின்றுவிட்டார். கம்பவுண்டர் ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து நீட்டி, “நெத்தியில என்னமோ செவப்பா புண்ணு இருக்கு. தொடச்சிட்டு வாங்க” என்றார்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்த ஏழு பேரில் இளையவர். கணவர் தோணியில் மாலத்தீவுக்குப் போனால் திரும்ப மாதங்கள் ஆகும். இரண்டு பெண் குழந்தைகள். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண் ஆறாமல் இருந்தது. உப்பு நீரில் நிற்பவர்களுக்குப் புண் புதிதல்ல என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அது வாடை வீசத் தொடங்கிய பிறகுதான் பெட்டியைக் கேட்டு வாங்கினார். மருந்தகத்தில் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். நீலம் செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை. மருத்துவர் மூன்று கட்டளை இட்டார்: நாள்தோறும் மாத்திரை, ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு, உப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது. தவறினால் காலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

“உப்புத் தண்ணில நிக்காம உப்பு வாருதது எப்படின்னு அந்த டாக்டரையே கேட்டுட்டு வந்துருக்கணும்” என்று குழாயடியில் அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “கால் போச்சுன்னா ரெண்டையும் எங்கன கொண்டு போய் விடுவேன்?” என்றார். இரண்டு என்றது மகள்களை.

அப்போது எங்கள் தெரு ஒன்று செய்தது. எந்தச் சட்டமன்றமும் கூடாமல், எவரும் மேசையைத் தட்டாமல் நடந்தது அது. ஒரே பெயரில் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டுப் போட வேண்டுமென்றால் இடையில் வேறு நோயோடு வேறு முகம் போகக் கூடாது. மற்ற ஆறு பேரும் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைப்போடு சுவரில் சாய்ந்து கிடந்தார். என் தாய் கண்ணில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு சமைத்தார். அக்கா மட்டும் ஒன்றுவிட்டு ஒரு மாலை பொட்டை அழித்து, உத்தரியம் அணிந்து, நொண்டி நொண்டிப் போய்வந்தார். ஐந்தாவது வாரம் புண் பத்துப் பைசா நாணயத்தின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அக்கா காலைத் தூக்கித் தெருவெல்லாம் காட்டினார். இன்னும் மூன்று வாரத்தில் மூடிவிடும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார்.

அந்த மூன்று வாரத்தை அக்காவிடமிருந்து பறித்தவன் நான்.

நான் பேச்சாளன். பள்ளியிலிருந்தே மேடையில் வளர்ந்தவன். குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லுக்குப் பின் கைதட்டலுக்கு இடம் விடுவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இன்றும் தெரியும், அதை மறைத்துப் பணிவு காட்டப்போவதில்லை. புதிய துறைமுகத்தைப் பற்றி ஊரே பெருமை பேசிக்கொண்டிருந்த காலம். நகரத்து மன்றமொன்றில் கல்லூரிகளுக்கிடையே சொற்போர். ‘தொழிலாளர் நலச் சட்டங்கள் தொழிலாளர் வாழ்வை உயர்த்தியுள்ளனவா?’ என்பது தலைப்பு. நான் மறுத்துப் பேச வேண்டியவன்.

முன்வரிசையில் ஆலை மேலாளர்கள் இருந்தார்கள். உப்பு முதலாளிகள் இருந்தார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த அலுவலர்கள் இருந்தார்கள். எனக்கு முன் பேசியவன் சட்டத்தைத் தொழிலாளியின் தாய் என்று வருணித்து அமர்ந்தான். அவனை வீழ்த்த எனக்கு மூன்று மணித்துளிகள் தரப்பட்டன. என்னிடம் வாதங்கள் இருந்தன. அவற்றைக்கொண்டே வென்றிருப்பேன். ஆனால் என்னிடம் அவற்றைவிடக் கூரிய ஒன்று இருந்தது. அதை உறையில் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

“நடுவர் அவர்களே! சட்டத்தைத் தாய் என்றார் நண்பர். அந்தத் தாய் யாருக்குப் பால் கொடுத்தாள், யாரைப் படியிறக்கினாள் என்று கேட்கிறேன். எங்கள் தெருவுக்கு வாருங்கள்! மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன ஆலைத் தொழிலாளியின் மனைவி, தன் பெயரில் உள்ள ஒரே ஓர் அட்டையால் ஏழு பெண்களின் உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் சட்டம் உயிரோடிருந்து செய்யாததை எங்கள் தெருவில் ஒருவர் கல்லறையிலிருந்து செய்கிறார்!”

நான் விட்ட இடத்தில் கைதட்டல் வந்து நிரம்பியது. உப்பு முதலாளிகள் தட்டினார்கள்! அந்த ஏழு பேரையும் உப்பு நீரில் நிறுத்தியவர்கள், அட்டை என்ற சொல்லையே தம் அளத்துப் பக்கம் வரவிடாதவர்கள், எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டார். அன்று அது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது. இன்று அந்தக் கைக்குட்டையை நினைத்தால் என் பல் நறநறக்கிறது. கோப்பையை வழங்கும்போது அறிவிப்பாளர் நான் எந்தத் தெருவிலிருந்து வந்த மாணவன் என்பதையும் உரக்கச் சொன்னார். விண்ணப்பத்தில் அதை எழுதிக் கொடுத்திருந்தவன் நானே.

கோப்பையோடு குழாயடிக்குப் போனேன். என் தாய் வாங்கிப் பார்த்தார். பேசியதைப் பேசிக் காட்டினேன். குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் நகர்த்தவில்லை.

“ஏழுன்னு சொன்னியா?” என்றார் அக்கா.

“சொன்னேன்.”

“மில்லுன்னு?”

“சொன்னேன்.”

“தெருப் பேரு?”

“அது அறிவிப்பாளர்...”

“நல்லா இருக்குலே. மாதா பேருல உத்தரியம் போட்டு, மூணு வருசமா மூச்சு விடாம பாத்துக்கிட்டோம். ஒனக்கு மைக்கப் பாத்ததும் தாங்கல.”

நான்காம் நாள் அக்கா கட்டுப் போடப் போனார். கம்பவுண்டர் தலை நிமிரவில்லை. “அட்டைய இங்கன வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. உள்ள ரெண்டு பேரு ஒக்காந்திருக்காங்க” என்று மட்டும் மெல்லச் சொல்லியிருக்கிறார். அக்கா காலிப் புட்டியோடு திரும்பினார். அந்த வாரமே அண்ணாச்சிக்கு விசாரணை ஓலை வந்தது.

விசாரணை நடக்க மூன்று வாரம் ஆயிற்று. புண் மூடவேண்டிய அதே மூன்று வாரம். வீட்டில் மாத்திரை தீர்ந்தது. என் தாய் வெந்நீரில் கழுவித் துணி கட்டினார். ஒரு நாள் அக்கா அரசு மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் அவர் பாத்தியில் வேறு பெண் நின்றாள். கெஞ்சி இடத்தைத் திரும்பப் பெற ஒரு வாரம் பிடித்தது. அதன்பின் அவர் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. உப்பு நீருக்குத்தான் போனார். புண் மறுபடி விரிந்தது.

தெருவார் கூடி ஒரு வழி கண்டார்கள். ஏழு பேர் என்றால் திட்டமிட்ட மோசடி. அண்ணாச்சிக்கு வேலை போகும், காவல் நிலையத்துக்கும் போக நேரும். ஒரே ஒருத்தி என்றால் அறியாமை. இறந்தவரின் தங்கை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள், அக்காள் பெயரில் போனால் என்ன என்று விவரம் தெரியாமல் போய்விட்டாள் என்று சொல்லலாம். எதிர்வீட்டு அக்காவே அந்தத் தங்கையாக நிற்பது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. அந்த ‘ஏழு’. அதைச் சொன்னவனைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

“ஏலே, ஒன் வாயால கட்டுனத ஒன் வாயாலதான் அவுக்கணும்” என்றார் அண்ணாச்சி. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் இரண்டு அலுவலர்கள் இருந்தார்கள். கம்பவுண்டரை முதலில் கேட்டார்கள். “நான் மொகத்தப் பாக்கதில்ல, ஐயா. புண்ணத்தான் பாப்பேன்” என்றார். பழைய பதிவேடு எங்கே என்றதற்குக் கரையான் அரித்துவிட்டது என்றார். அந்தக் கரையானுக்கு என் வணக்கம். அக்கா உத்தரியத்தோடு நின்று தங்கையாகச் சாட்சி சொன்னார். நெற்றியில் பொட்டு இருந்த இடம் வெளிறியிருந்தது. உட்காரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நான். பெரிய அலுவலர் கேட்டார்: “ஏழு பேருன்னு மேடையில சொன்னது உண்மையா?”

“இல்லை, ஐயா.”

“பின்ன ஏன் சொன்ன?”

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். “ஒருத்தி என்றால் கைதட்டமாட்டார்கள், ஐயா.”

அவர் சிரித்தார். “அப்ப, பொய் சொல்லிக் கப்பு வாங்கிருக்க.”

“ஆமாம், ஐயா.”

“நல்லாத்தான்டே பேசுன. நானே கைதட்டினேன்” என்றார். நான் அவரை அப்போதுதான் அடையாளம் கண்டேன். முன்வரிசை. தட்டிய கையாலேயே மறுநாள் காலை விசாரணைக் கோப்பு ஒன்றைத் திறந்திருக்கிறார்! கண்ணெதிரே ஒரு பெண் ஒற்றைக் காலில் உடலைத் தாங்கி நிற்கிறாள். துணியின் வாடை அறையெங்கும் இருக்கிறது. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது எண்ணிக்கை மட்டும். நான் உண்மை பேசிய இடத்தில் எனக்குக் கோப்பை தந்தார்கள். அந்த உண்மையைப் பொய் என்று சொன்ன இடத்தில்தான் ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்ற முடிந்தது. இப்படி ஒரு நீதியை எந்த மேடையில் நின்று நான் ஆதரித்துப் பேசுவேன்?

அண்ணாச்சிக்கு ஒரு மாதத் தற்காலிக வேலைநீக்கமும் எச்சரிக்கையும் கிடைத்தன. அட்டையிலிருந்த மனைவியின் பெயரை அவர் முன்னாலேயே சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் அவரைக் கையெழுத்திடச் சொன்னார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்.

“மூணு வருசமா அவ சாவலைலே. இன்னைக்கு என் கையெழுத்துலதான் செத்தா” என்றார்.

சின்ன அலுவலர் அக்காவிடம், “உனக்கு அட்டை கிடையாதும்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போ” என்று அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தார். பத்து நாள் கழித்து அக்காவைத் தூக்கிக்கொண்டுதான் போனோம். பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். தோணியிலிருந்த கணவருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் காயம் காய்ந்துவிட்டது. அளத்தில் அரைப் பாதத்துக்கு வேலை இல்லை. அக்கா வீட்டில் உட்கார்ந்து உப்புச் சாக்குத் தைக்கத் தொடங்கினார். மூத்த மகள் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவின் பாத்தியில் நின்றாள்.

அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கம்பவுண்டர் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அடுத்த தெருவில் ஆலைத் தொழிலாளர் வீடுகள் இருந்தன. அந்த வீடுகளில் எல்லோருக்கும் திடீரென்று காலில் புண், கண்ணில் நோவு, நெஞ்சில் சளி. மருந்தகத்தில் வாங்கிய பஞ்சும் டிஞ்சரும் மாத்திரையும் ஞாயிறு மாலைக்குள் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டிக்கு வந்து சேர்ந்தன. அதே பெட்டிதான், அண்ணாச்சி கொடுத்தது. இப்போது இதை எழுதலாம்: கம்பவுண்டர் ஓய்வு பெற்று வேறு ஊர் போய்விட்டார், மருந்தகமும் இடம் மாறிவிட்டது. தெருவின் பெயரை மட்டும் எழுத மாட்டேன்.

முதல் ஞாயிறன்று சீட்டு எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். வாசலில் ஒரு பெஞ்சு. நான் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைக்க வந்து நின்று, பழக்கத்தில், இறந்தவரின் பெயரைச் சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே இருந்த அண்ணாச்சிக்குக் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுதினேன். அடுத்து என் தாய், பிறகு இன்னும் இருவர்.

அவர்களுக்குப் பின் அக்கா கம்பை ஊன்றி வந்தார். தையலுக்கிடையே எழுந்து வந்ததால் சணல் தூசி புடவை முழுவதும் ஒட்டியிருந்தது. கட்டுப் பிரித்த பாதத்தைப் பெஞ்சின் விளிம்பில் தூக்கி வைத்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேரு?” என்றேன்.

“ஒனக்குத் தெரியாதாக்கும்? ஏழுல ஒண்ணுன்னு எழுது” என்றார்.

நான் எழுதாமல் இருந்தேன். அவர் கம்பால் பெஞ்சைத் தட்டினார்.

“எழுதுலே. வரிசை நிக்கி.”